மேலே போன குண்டு கீழே வரவேண்டும்: த்ரோலைன் வாங்குவது பற்றி

ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு மரம் பராமரிக்கும் வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, வந்து எட்டு மாசம் ஆச்சு. இதுவரைக்கும் கீழ நின்னு வெட்டுன கிளையை இழுத்துப் போடுற வேலை. இப்பதான் கயித்துல ஏறக் கத்துக்குறேன். கம்பெனியில இருக்குற த்ரோலைன் எப்பப் பாத்தாலும் சிக்கிக் கெடக்கு. சொந்தமா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். 1.75 மி.மீ. வாங்கவா, 2.2 வாங்கவா? குண்டு எத்தனை அவுன்ஸ்? பிக் ஷாட்டும் சேத்து வாங்கிடவா?"

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2.2 மி.மீ. டைனீமா (மிக வலுவான செயற்கை இழை) நூல் 60 மீட்டர். 12 அவுன்ஸ் குண்டு ஒன்று, 16 அவுன்ஸ் குண்டு ஒன்று. நூலைப் போட்டு வைக்க மடிப்புப் பெட்டி ஒன்று. கம்பின் தலையில் உண்டிவில் வைத்த பிக் ஷாட் இப்போது வேண்டாம். கடை மூடப் போகிறது, அவசரம் என்றால் இதோடு கிளம்பிவிடலாம். நேரம் இருந்தால் காரணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வேறு மாதிரி மரத்தில் வேலை வரும்போது, அப்போது எது வேண்டும் என்று என்னைக் கேட்காமலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்தத் தொழில் தெரியாதவர்கள் படித்தால் அவர்களுக்கு இரண்டு வரி. உயிரோடு நிற்கிற மரத்தில் முள் வைத்த காலணியோடு ஏறினால் பட்டை புண்ணாகும், அந்தப் புண் வழியாகப் பூஞ்சை இறங்கும். அதனால் ஏறுகயிற்றைக் கீழே நின்றபடியே மேலே நல்ல கவட்டையில் மாட்ட வேண்டும். விரல் கனமுள்ள கயிற்றை 20 மீட்டர் எறிய யாராலும் முடியாது. த்ரோலைன் என்ற மெல்லிய நூலின் நுனியில் சின்னப் பையாகத் தைத்த குண்டைக் கட்டி எறிவோம். அது கிளையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும். குண்டை அவிழ்த்து அந்த இடத்தில் ஏறுகயிற்றைக் கட்டி, நூலை இழுத்தால் கயிறு மேலே போய் மறுபக்கம் வந்துவிடும். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் முதலில் மெல்லிய கயிற்றைக் கரைக்கு வீசி, அதன் வாலில் வடத்தைக் கட்டி இழுப்பார்களே, அதே யுக்திதான்.

புதிதாக வாங்குகிறவர் எல்லாரும் கேட்பது, எவ்வளவு உயரம் போகும் என்று. கடையில் சொல்வதும் அதைத்தான். ஆனால் நான் இந்த வேலையில் இழந்த நேரத்தில் பெரும்பகுதி குண்டு மேலே போகாமல் இழந்தது இல்லை. மேலே போனது கீழே இறங்காமலும், இறங்கியது திரும்பி வராமலும் இழந்ததுதான். எறிவது இரண்டு வாரப் பழக்கத்தில் கைக்கு வந்துவிடும். இறங்கி வருவதும் இழுபட்டு வருவதும் கையில் இருக்கும் பொருளைப் பொறுத்தது. அதனால் நூலையும் குண்டையும் ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 2.2 மி.மீ. டைனீமா நூல் மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிராம். 20 மீட்டர் உயரக் கிளையைக் குண்டு தாண்டியதும், உங்கள் கைப்பக்கம் தொங்கும் நூலின் எடை 50 கிராம் போல. குண்டு இறங்க வேண்டுமானால் அந்த 50 கிராமையும் தூக்க வேண்டும், பட்டையில் உரசுவதையும் மீற வேண்டும். உராய்வுக் கெழுவை 0.3 என்று வைத்தால், ஒரே கிளைமேல் அரைச்சுற்றாகக் கிடக்கும் நூலுக்கு இழுவை இரண்டரை மடங்கு ஆகும். அதாவது 125 கிராம். 12 அவுன்ஸ் குண்டு 340 கிராம். சுலபமாக இறங்கிவிடும்.

இப்போது நூல் இரண்டு கிளைகள்மேல் ஏறி இறங்கிக் கிடக்கிறது என்று வையுங்கள். இரண்டு அரைச்சுற்று. இழுவை இரண்டு மடங்காகும் என்றுதான் மனசு சொல்லும். அப்படி ஆகாது. இரண்டரையை இரண்டரையால் பெருக்க வேண்டும், ஆறு மடங்குக்கு மேல் போய்விடும். 50 கிராம் 320, 330 கிராமாகிறது. 12 அவுன்ஸ் குண்டு அந்தரத்தில் நின்று உங்களைப் பார்த்து ஆடிக்கொண்டிருக்கும். நூலைச் சுண்டிச் சுண்டி அலை அனுப்பினால் அங்குலம் அங்குலமாக இறங்கலாம். 16 அவுன்ஸ், அதாவது 450 கிராம் என்றால் தானாக இறங்கும். இதே இடத்தில் 3 மி.மீ. பக்கம் வரும் கனமான பாலிஎத்திலீன் நூல் இருந்தால், அதன் எடைக்கு 16 அவுன்ஸும் போதாது. இரண்டு குண்டு வாங்கச் சொன்னதன் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

ஏறுகயிற்றை இழுக்கும்போதும் இதே கணக்குதான், எண்கள் மட்டும் பெரிசு. 11.7 மி.மீ. கயிறு 20 மீட்டருக்கு 2 கிலோ இருக்கும். ஒரு கிளை என்றால் கையில் 5 கிலோ. இரண்டு கிளை என்றால் 12, 13 கிலோ. கயிற்றின் முனை கவட்டையில் முட்டினால் அதற்கும் மேலே. பட்டுநூல் போல வழுக்குகிற 1.75 மி.மீ. நூலில் 13 கிலோவை இழுத்துப் பாருங்கள், விரல் என்ன ஆகிறதென்று தெரியும். பறப்பதில் 1.75 கெட்டிக்காரன். எடை குறைவு, காற்றில் தள்ளப்படுவதும் குறைவு. வெகு உயரத்தில் கிளை தொடங்கும் காயா (ஆப்பிரிக்க மஹோகனி) மாதிரி மரங்களில் நானே அதைத்தான் எடுக்கிறேன். ஆனால் அது பட்டை வெடிப்புக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், ஈரக்கையில் பிடி நிற்காது, முடிச்சு இறுகினால் நகத்தால் அவிழ்க்க முடியாது. கற்றுக்கொள்கிற கைக்கு 2.2 தான் பொறுமையான நூல்.

நூல் எதனால் ஆனது என்பதில் இரண்டே கட்சி. ஒன்று சாதாரண பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் வகை. விலை குறைவு, கொஞ்சம் விறைப்பு, இழுத்தால் நீளும். ரீலில் சுற்றி வந்த வளைவை விடாமல் ஞாபகம் வைத்துக்கொள்ளும். இன்னொன்று டைனீமா. சாம்சன் கம்பெனியின் ஜிங்-இட் போன்றவை இந்த வகை. வழவழப்பு, மிகக் குறைந்த நீட்சி. இந்த இரண்டு குணங்களுக்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம். இதில் இருக்கும் சங்கடம் அதன் பலம். மேலே மாட்டிக்கொண்டால் கையால் இழுத்து அறுக்கவே முடியாது. நூறு கிலோவுக்கு மேல் தாங்கும் நூல் அது. அதற்காக அதில் ஆளைத் தொங்கவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு வேலைக்குப் போகாதீர்கள். ஏறுகயிற்றை மேலே கொண்டுபோவதோடு த்ரோலைனின் வேலை முடிந்தது.

நிறத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பச்சை, நீலம், சாம்பல் வேண்டாம். இலைக்கும் வானத்துக்கும் நடுவில் நூல் எந்தக் கிளைமேல் கிடக்கிறது என்று கீழே நின்று கண்டுபிடிக்க வேண்டும். ஆரஞ்சு அல்லது பளிச்சென்ற மஞ்சள் வாங்குங்கள்.

நீளம் 60 மீட்டர் என்றேன். 25 மீட்டரில் கவட்டை என்றால் ஏற 25, இறங்க 25, கையில் கொஞ்சம். 50 மீட்டர் நூல் சரியாக முடிந்துபோய், நுனி பெட்டியிலிருந்து கிளம்பி கண்ணெதிரே மரத்தில் ஏறுவதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். எல்லாரும் சிரித்தார்கள், அதை எடுக்கப் போனவனைத் தவிர. அன்றிலிருந்து நூலின் வாலைப் பெட்டியின் வளையத்தில் கட்டாமல் நான் எறிவதில்லை.

இனி குண்டு. எடையைச் சொல்லிவிட்டேன், அடுத்தது வடிவம். குட்டையாகத் தொப்பை போட்ட பையும் உண்டு, வெள்ளரிப்பிஞ்சு மாதிரி நீண்டு ஒல்லியானதும் உண்டு. எறியும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. திரும்ப இழுக்கும்போது தெரியும். குறி தப்பிய குண்டைப் பின்னால் இழுத்தால் அது கிளைக்கு அடியிலிருந்து மேலேறி, கவட்டை வழியாக இந்தப் பக்கம் புரள வேண்டும். தொப்பைப் பை அங்கே ஆப்பு மாதிரி இறங்கிக்கொள்ளும். ஒல்லியானது நழுவி வரும். தைத்த ஓரம் துருத்திக்கொண்டிருக்கிறதா, வளையத்தை மாட்டியிருக்கும் பட்டை அகலமாக நிற்கிறதா என்று கடையிலேயே கையில் வைத்து உருட்டிப் பாருங்கள். துருத்துவதெல்லாம் மேலே கொக்கிதான். உள்ளே என்ன நிரப்பியிருக்கிறது என்றும் கேளுங்கள். ஈயக்குண்டு என்றால் சின்னப் பையில் நல்ல எடை கிடைக்கும், ஆனால் தையல் விட்டால் பூங்காவில் குழந்தைகள் விளையாடும் புல்லில் ஈயம் சிந்தும். கைகழுவாமல் சாப்பிட உட்கார்ந்தால் உங்கள் வயிற்றுக்கும் போகும். எஃகுக் குண்டு நிரப்பியது கொஞ்சம் பருமனாக இருக்கும், பரவாயில்லை.

நூலில் குண்டைக் கட்ட காரபைனர், கொக்கி, சாவி வளையம் எதுவும் வேண்டாம். நேரே முடிச்சு. அதுவும் சின்ன முடிச்சு.

மாட்டிக்கொண்ட குண்டை எப்படி எடுப்பது என்பதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படும்படியானது இல்லை. வந்த இரண்டாம் வருஷம், சாலையோர அங்சானா ஒன்று. அந்த மரத்தின் தொங்குகிளைகளையும் அடர்ந்த இலையையும் பார்த்திருப்பீர்கள். அன்று என் கையில் இருந்தது தொப்பைக் குண்டு. கவட்டையில் இறங்கிக்கொண்டது. நான் நூலை உள்ளங்கையில் மூன்று சுற்றுச் சுற்றி, முழு உடம்பையும் சாய்த்து இழுத்தேன். நாலாவது இழுப்பில் விட்டுக்கொண்டது. நூல் எந்தத் திசையில் இழுபட்டதோ அதே திசையில், அதாவது நேராக என்னை நோக்கி வந்தது. ஹெல்மெட்டின் விளிம்பில் பட்டுத் தெறித்து நடைபாதை ஓரக்கல்லில் போய் மோதியது. இரண்டு அங்குலம் கீழே வந்திருந்தால் மூக்கு. உள்ளங்கையில் நூல் பதிந்த கோடு ஒரு வாரம் இருந்தது. 20 மீட்டரிலிருந்து சும்மா விழுந்தாலே ஒரு குண்டு மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் தரைக்கு வரும். நூலின் இழுவிசையும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

இப்போது நான் செய்வது இது: முதலில் இழுப்பதை நிறுத்துவேன். நூலைத் தளர்த்தி, சுண்டி அலை அனுப்புவேன். வரவில்லை என்றால் மரத்தைச் சுற்றிப் போய் எதிர்ப்பக்கத்திலிருந்து சுண்டுவேன். பாதி நேரம் அங்கேயே வந்துவிடும். அதுவும் இல்லையென்றால், குண்டு இருக்கும் பக்கத்து நூல்மேல் இரண்டாவது நூலை எறிந்து பக்கவாட்டில் இழுப்பேன். உங்களுக்கு இரண்டு குண்டு இருக்க வேண்டும் என்பதற்கு இது அடுத்த காரணம். பலமாக இழுத்தே ஆகவேண்டும் என்றால், நூலைக் கையில் அல்ல, ஒரு கட்டையில் சுற்றி, முகத்தைத் திருப்பி, குண்டு வரும் கோட்டிலிருந்து விலகி நின்று.

சிங்கப்பூர் மரங்களுக்கென்றே சில தொல்லைகள் உண்டு. இங்கே ரெயின் ட்ரீ என்கிறார்களே, நம் ஊர் தூங்குமூஞ்சி மரம்தான் அது. அதன் பெரிய கிளைகளில் கூடை கூடையாகப் பெரணிச் செடி தொற்றி வளர்ந்திருக்கும். அந்தக் கூடைக்குள் வருஷக்கணக்காக மக்கின இலை. குண்டு அதில் விழுந்தால் சேற்றில் விழுந்த கல் மாதிரி. கனமான குண்டு இன்னும் ஆழமாகப் புதையும். தூங்குமூஞ்சியில் முதல் எறிக்கு 12 அவுன்ஸை எடுப்பது அதனால்தான். கிளைகள் விரிந்து திறந்திருப்பதால் அந்த எடையே பெரும்பாலும் இறங்கிவிடும். அங்சானாவில் நேர்மாறு. தழையைப் பிளந்துகொண்டு இறங்க 16 வேண்டும். (பட்டப்பகலில் தூங்குமூஞ்சி இலை மடங்க ஆரம்பித்தால் வானத்தைப் பாருங்கள். மேகம் கறுத்திருக்கும். இடி வருவதற்குள் மூட்டை கட்டலாம்.)

எறிவதற்கு முன் ஒரு நிமிஷம் மரத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கத்துக்கும் காசு செலவில்லை. இலைகளைச் சேர்த்துத் தைத்த பந்து தெரிந்தால் முசுறு எறும்பு. அதன் வழியாக நூலை இழுத்தால் நூலோடு முசுறும் வரிசையாக உங்கள் கைக்கு வரும். கதண்டுக் குளவிக் கூட்டைப் பற்றி ஒரத்தநாட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 450 கிராம் குண்டால் அதைத் தட்டி எழுப்பினால் ஓட இடம் இருக்காது. இந்தச் சாமானை நாளைக்கு ஊருக்கு எடுத்துப் போனால் அங்கே இன்னொன்றும் சேரும்: கரண்ட் கம்பி. மரத்தோடு உரசிப் போகும் கம்பி இருக்கும் தெருவில் த்ரோலைனைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள். அழுக்கும் ஈரமும் ஏறிய நூலில் மின்சாரம் பாயும்.

பெட்டி. புதியவர்கள் மிச்சம் பிடிக்கும் இடம் இது, நான் மட்டும் பிடிவாதமாக இருக்கும் இடமும் இதுதான். நூல் சிக்குவதற்கு நூலைத் திட்டுகிறோம், தப்பு பெரும்பாலும் நாம் அதை வைக்கிற விதத்தில். வளையம் வளையமாகக் கையில் சுற்றி வைத்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். எறிந்ததும் அந்த முறுக்கெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மேலே போகும். கோழி கிளறின குப்பை மாதிரி ஒரு கொத்து 5 மீட்டரில் நின்றுவிடும். சுற்றவே கூடாது. பெட்டியின் மேலே நின்று இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்து, நூல் எப்படி விழுகிறதோ அப்படியே விழவிட வேண்டும். கடைசியாக விழுந்தது முதலில் கிளம்பும், சிக்காது. மடிப்புப் பெட்டியைத் தட்டையாக மடித்துப் பையில் வைக்கலாம், வாய் விரிந்து நிற்கும், புல்லும் சுள்ளியும் நூலில் ஒட்டாது. பெட்ஸல் எக்லிப்ஸ் போன்றவை நன்றாக உழைக்கின்றன. கையில் காசு இல்லையென்றால் அகல வாய் பிளாஸ்டிக் வாளி போதும், அல்லது துணி போடும் மடக்கு வலைக்கூடை. நான் மூன்று வருஷம் வாளியோடு ஓட்டினேன். ஆனால் தரையில் கொட்டி எறியாதீர்கள். ஒரே ஒரு காய்ந்த குச்சி நூலோடு கிளம்பினால் அது கவட்டையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிடும்.

பிக் ஷாட் வேண்டாம் என்றதற்கு வருகிறேன். அது கெட்ட சாமான் என்பதால் அல்ல. 8 அடிக் கம்பின் தலையில் உண்டிவில், ரப்பர் குழாயை இழுத்து விட்டால் 100 அடிக்குக் குண்டு போகும். காயா மரத்தில் அது இல்லாமல் நாள் முழுக்க நிற்கலாம். ஆனால் உங்கள் வேலை சாலையோரத்தில். கையால் எறிந்து குறி தப்பினால் குண்டு மரத்துக்குள்ளேயே எங்கேயாவது விழும். பிக் ஷாட்டில் தப்பினால் மரத்தைத் தாண்டிப் போய் அடுத்த தடத்தில் ஓடும் காரின் கண்ணாடியில் விழும். நூல் பெட்டியில் எங்காவது சிக்கியிருந்தால் அந்த வேகத்தில் கிளம்பிய குண்டு சுண்டப்பட்டு எய்தவனிடமே திரும்பும். நூலை ஒழுங்காகப் பெட்டியில் போடும் பழக்கம் கைக்கு வந்த பிறகுதான் அதைத் தொடவேண்டும். கம்பெனியில் ஒன்று இருக்கும். தேவைப்படும் நாளில் அதை எடுங்கள். எடுக்கும்போது ரப்பரை இழுத்து வெயிலில் வெடித்த கோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

அதுவரை கையால் பழகுங்கள். ஒரு கையால் வீசுவது ஒரு முறை. நூலை வளையத்தில் இரட்டையாகக் கோத்து, இரண்டு கையாலும் பிடித்து, கால்களுக்கு நடுவே ஊஞ்சல் மாதிரி ஆட்டி விடுவது இன்னொரு முறை. உயரத்துக்கு இரண்டாவதுதான் நல்லது. பழகிய கை 18, 20 மீட்டர் போடும். சிங்கப்பூர்ச் சாலையோர மரங்களில் முக்கால்வாசிக்கு அது போதும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஏறுகயிற்றை நூலில் கட்டும்போது ஒரே முடிச்சோடு விடாதீர்கள். முனைக்குச் சற்றுக் கீழே க்ளோவ் ஹிட்ச் முடிச்சு, அதன் மேலே இரண்டு மூன்று அரைமுடிச்சு, கயிற்றின் மூக்கு நூலோடு நிமிர்ந்து நிற்கும்படி. மூக்கு நிமிர்ந்திருந்தால் கவட்டையில் முட்டாமல் ஏறிப் போகும். மாட்டிய பிறகு ஏறுவதற்கு முன் இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கி எடை கொடுத்துப் பார்ப்பது உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள்.

வாங்குவதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். கம்பெனியின் சிக்கல் நூலைத் தங்குமிடத்துக்கு எடுத்து வாருங்கள். முழுசாக அவிழ்த்து, இரண்டு கம்பத்துக்கு நடுவே போய்வரக் கட்டி, ஒரு ராத்திரி இழுவையில் நிற்கட்டும். காலையில் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பிடித்து நுனியிலிருந்து வால்வரை உருவுங்கள். மரப்பால், பாசி, மண் எல்லாம் துணியோடு வரும். விரலுக்குச் சொரசொரப்புத் தட்டுகிற இடம் பெரும்பாலும் குண்டுப்பக்க முதல் இரண்டு மீட்டரில்தான் இருக்கும். அதை வெட்டிப் போட்டுவிட்டு, மிச்சத்தை ஒரு வாளியில் போட்டு, பத்து எறி எறிந்து பாருங்கள். அதற்கப்புறமும் சிக்கினால் கடைக்குப் போங்கள். சிக்காவிட்டால் குண்டுகளை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.